அம்மாவுக்குக் கிலோக் கணக்கு, எனக்கு மட்டும் ஏன் இல்லை?

கேள்வி: நான் நுவரெலியா மாவட்டத்தில் ஒரு பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருக்கிறேன். ஏழு வருடச் சேவை. எங்கள் அலுவலகத்தில் தமிழ் தெரிந்தவர்கள் குறைவு என்பதால், தோட்டத்து ஆட்கள் எந்த வேலையாக வந்தாலும் கடைசியில் என் மேசைக்குத்தான் வருவார்கள். பக்கத்து மேசைக்காரர் காலையில் கையெழுத்து வைத்துவிட்டுப் போனும் கையுமாக இருப்பார். வருடக் கடைசியில் இரண்டு பேருக்கும் ஒரே சம்பள ஏற்றம். ஹட்டனில் ஒரு நிதிக் கம்பனியில் இருக்கும் என் தம்பி, "இலக்கை முடித்தால்தான் எங்களுக்குக் காசு. அரசாங்கத்திலும் அப்படிக் கொண்டுவந்தால் எல்லாரும் ஒழுங்காக வேலை செய்வார்கள்" என்கிறான். அம்மா தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். அவர் கேட்ட ஒரு கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை: "எங்களுக்கு நிறுத்துப் பார்த்துத்தானே காசு போட்டாங்க. ஒங்களுக்கு மட்டும் ஏன் அந்தக் கணக்கு இல்ல?" செயலாற்றுகைக்கு ஏற்ற கொடுப்பனவு பற்றிப் பேச எங்கள் சங்கம் அடுத்த மாதம் கூடுகிறது. இது நியாயமா? நான் எந்தப் பக்கம் பேசுவது?
– ஒரு வாசகி, நுவரெலியா மாவட்டம்

பதில்:

அன்பின் சகோதரிக்கு,

அரச நிர்வாகத்தில் பல காலம் இருந்துவிட்டு இப்போது உத்தியோகத்தர்களுக்குப் பயிற்சி கொடுத்துவருகிறேன். இந்தக் கேள்வி எல்லா மாவட்டங்களிலிருந்தும் வருகிறது. ஆனால் உங்கள் அம்மா கேட்ட விதத்தில் யாரும் கேட்டதில்லை. அதனால் அவருக்கே முதலில் பதில் சொல்கிறேன்.

அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350 ரூபா என்று தீர்மானிக்கப்பட்டபோது, மேலதிகமாகப் பறிக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் 50 ரூபா என்றும் சேர்த்துத்தான் தீர்மானித்தார்கள். நாளுக்கு இத்தனை கிலோ என்று தோட்டம் போடும் கணக்கு வராவிட்டால் அரைப்பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான். இப்படி வாழ்ந்த ஒருவருக்கு, மாதம் முடிந்ததும் யாருக்கும் கணக்குக் காட்டாமல் வங்கிக்கு வரும் சம்பளம் விசித்திரமாகத்தான் தெரியும்.

இப்போது அதே அம்மாவிடம் உட்கார்ந்து, அந்தக் கிலோக் கணக்கு நியாயமாக நடந்ததா என்று கேட்டுப் பாருங்கள். என்ன சொல்வார் என்று எனக்கு ஓரளவு தெரியும். நல்ல விளைச்சல் தரும் வீ.பி. ரகத் தேயிலை உள்ள மலையில் விட்டால் கூடை நிறையும். பழைய தேயிலை உள்ள செங்குத்து மலையில் விட்டால் எவ்வளவு சுறுசுறுப்பான ஆளுக்கும் நிறையாது. வறட்சியில் கொழுந்து வராது, ஆனால் கேட்கும் கிலோ குறையாது. பறித்ததையும் மடுவத்தில் நிறுக்கும்போது சாக்குக்கு இவ்வளவு, தண்ணீருக்கு இவ்வளவு என்று கழித்துவிடுவார்கள். அந்தக் கழிவைப் பற்றித் தோட்டங்களில் நடந்த சண்டைகளுக்குக் கணக்கே இல்லை.

ஆக, வேலைக்குத் தக்க கூலி என்பதை உங்கள் அம்மா போன்றவர்கள் ஒருநாளும் மறுக்கவில்லை. எந்த மலையில் விட்டீர்கள், எத்தனை கிலோ என்று யார் முடிவு செய்தது, தராசு யார் கையில் இருக்கிறது என்றுதான் காலங்காலமாகக் கேட்டார்கள். நீங்கள் சங்கக் கூட்டத்தில் கேட்க வேண்டியதும் இந்த மூன்றையும்தான். கொழுந்தையாவது நிறுக்க முடியும். உங்கள் வேலையில் பெரும்பகுதியை நிறுக்கவே முடியாது என்பது இதற்கு மேல் ஒரு சிக்கல்.

மலையிலிருந்து தொடங்குவோம். 2012 குடிசன மதிப்பீட்டின்படி நுவரெலியா பிரதேச செயலகப் பிரிவிலும் அம்பகமுவ பிரிவிலும் தலா இரண்டு இலட்சத்துக்கும் அதிகமான மக்கள் இருந்தார்கள். இதே மாவட்டத்தின் ஹங்குரான்கெத்த பிரிவில் ஒரு இலட்சம் பேர்கூட இல்லை. ஒரே வகை அலுவலகம், ஒரே சுற்றறிக்கைகள், ஒரே சம்பளத் திட்டம். ஆனால் ஒரு வாசலில் நிற்கும் கூட்டம் மற்றதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். தலவாக்கலை, நோர்வூட் என்று புதிய செயலகங்கள் வந்த பிறகு நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது என்பது உண்மை. ஆனாலும் தோட்டங்கள் நிறைந்த பிரிவில் ஒரு கோப்பு முடிய எடுக்கும் நேரமும் கிராமப் பிரிவில் எடுக்கும் நேரமும் ஒன்றல்ல.

ஏன் ஒன்றல்ல என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் சங்கத்தில் இருக்கும் மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கும். ஒரு பாட்டி முதியோர் கொடுப்பனவுக்காக வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேசிய அடையாள அட்டையில் முத்துலெட்சுமி. பிறப்புச் சான்றிதழில், அந்தக் காலத்துப் பதிவாளர் காதில் விழுந்ததைச் சிங்களத்தில் எழுதிய வேறொரு பெயர். தகப்பன் பெயர் ஒன்றில் முதலெழுத்தாக இருக்கிறது, மற்றதில் முழுதாக இருக்கிறது. முகவரி, லயத்துக் காம்பரா இலக்கம். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நீங்கள் உட்கார வைத்து, ஒவ்வொன்றாகக் கேட்டு, கிராம உத்தியோகத்தருக்குப் போன் எடுத்து, சத்தியக்கடதாசி எங்கே முடிப்பது என்று துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்து, திரும்பிப் போக எத்தனை மணிக்கு பஸ் என்பது வரை சொல்லி அனுப்புகிறீர்கள். அரை நாள் போய்விட்டது. மாதாந்த அறிக்கையில் அது ஒரு விண்ணப்பம். முடியாத விண்ணப்பம் என்பதால் பூச்சியம் என்றுகூட வரலாம். அதே நேரத்தில் ஆவணம் எல்லாம் சரியாக உள்ள ஆறு பேரின் படிவத்தைப் பார்த்து முடித்தவருக்கு ஆறு.

விண்ணப்பத்துக்கு இவ்வளவு என்று கொடுப்பனவு வந்தால் அந்தப் பாட்டிக்கு என்ன நடக்கும்? "பெயரைத் திருத்திக்கொண்டு வாங்க" என்று ஒரே வரியில் அனுப்பிவிடுவார்கள். கெட்ட மனிதர்கள்தான் அப்படிச் செய்வார்கள் என்று நினைக்காதீர்கள். வீட்டில் பிள்ளைகளின் செலவு இருக்கும்போது, எதற்குக் காசு கிடைக்கிறதோ அந்தப் பக்கம் கை தானாகப் போகும். அதனால்தான் இந்த முறையின் பாரம் உத்தியோகத்தரோடு நிற்பதில்லை. யாருக்கு அரசாங்க அலுவலகம் மிக அதிகமாகத் தேவையோ, அவர் தலையில்தான் போய் விடிகிறது. எனக்கு இந்த விடயத்தில் உள்ள பெரிய பயம் இதுதான்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது நடந்ததையும் நினைத்துப் பாருங்கள். மலையகம் முழுக்க மண்சரிவு. உத்தியோகத்தர்கள் இரவு பகலாக முகாம்களிலும் பாதை துண்டிக்கப்பட்ட தோட்டங்களிலும் நின்றார்கள். கோப்புகள் மேசையிலேயே கிடந்தன. முடித்த கோப்பை மட்டும் எண்ணும் ஒரு கணக்கில் அந்த மாதம் சேவையே நடக்கவில்லை என்று பதிவாகும்.

சரி, இதெல்லாம் நம்முடைய பயம்தானே, செய்து பார்த்த இடங்களில் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். செய்து பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் 1862ஆம் ஆண்டே பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேற்றைப் பார்த்துப் பாடசாலைகளுக்குப் பணம் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். வாசிப்பு, எழுத்து, கணக்கு என்று பரிசோதகர் கேட்கும் மூன்றைத் தவிர மற்றவை ஒதுக்கப்பட்டன, பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள். முப்பது வருடங்களுக்கு மேல் நடத்திவிட்டுத்தான் கைவிட்டார்கள். கென்யாவில் 1990களின் கடைசியில் செய்த ஓர் ஆய்விலும் ஏறக்குறைய இதே கதை. ஆசிரியர்கள் பரீட்சைக்குத் தயார்ப்படுத்தும் மேலதிக வகுப்புகளைக் கூட்டினார்கள், புள்ளியும் கூடியது. ஆனால் ஆசிரியர் வரவில் மாற்றம் இல்லை, கூடிய புள்ளியும் நிலைக்கவில்லை.

உங்கள் அலுவலகத்துக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணம். சொத்து வரி வசூலிக்கும் அதிகாரிகளுக்கு, கூடுதலாக வசூலிப்பதில் ஒரு பங்கு என்று கொடுத்துப் பார்த்தார்கள். வசூல் நன்றாகவே கூடியது. கூடவே, வரி கூட்டப்படாத வீட்டுக்காரர்கள் கொடுத்த இலஞ்சமும் கூடியது. அதிகாரிக்கு இப்போது நேர்மையாக இருந்தாலும் காசு கிடைக்கும் என்பதால், அவரை வளைக்க முன்னையதைவிடப் பெரிய தொகை தேவைப்பட்டது.

ஆனால் எல்லா இடத்திலும் தோற்றது என்று சொன்னால் அது பொய். ஆந்திரப் பிரதேசத்தின் கிராமப்புற ஆரம்பப் பாடசாலைகளில் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் நடத்திய பெரிய பரிசோதனையில் ஆசிரியர்களுக்குச் சராசரியாக வருடச் சம்பளத்தில் 3 சதவீதம் அளவுதான் ஊக்கத்தொகை. பிள்ளைகளின் மொழி, கணித அறிவு தெளிவாக முன்னேறியது. ஊக்கத்தொகையோடு தொடர்பே இல்லாத விஞ்ஞானம், சமூகக்கல்வியிலும் முன்னேறியது. அங்கே எதை அளந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு பிள்ளை போன வருடம் எங்கே நின்றது, இந்த வருடம் எங்கே நிற்கிறது என்று பார்த்தார்கள். வசதியுள்ள பாடசாலையை வசதியில்லாத பாடசாலையோடு நேரடியாக மோதவிடவில்லை. அளந்தவர்களும் வெளியாட்கள், தலைமை ஆசிரியர்கள் இல்லை. எந்த மலை, தராசு யார் கையில் என்ற உங்கள் அம்மாவின் முதல் கேள்விக்கும் கடைசிக் கேள்விக்கும் அங்கே ஒழுங்கான பதில் இருந்திருக்கிறது.

தம்பியின் வாதத்துக்கு வருகிறேன். நிதிக் கம்பனிக்கு என்ன வேண்டும் என்பது தெளிவு: கடன் போக வேண்டும், தவணை திரும்பி வர வேண்டும். இலக்கு அதைத்தான் எண்ணுகிறது, கம்பனிக்கு அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் வாரத் தவணை வசூலிக்கும் நாளில் நுண்கடன் எடுத்த பெண்கள் பட்ட பாட்டைத் தோட்டங்களில் எல்லோரும் கண்டிருக்கிறோம். அந்தப் பெண்ணின் நிலை எந்த இலக்கிலும் வராது. பிரதேச செயலகத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கும் மனிதருக்காகத்தான் முழு அலுவலகமும் இருக்கிறது. அவரைக் கணக்கில் எடுக்காத இலக்கு அங்கே செல்லாது. தம்பி உழைப்பாளி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அவருடைய முறை அவருடைய இடத்துக்கு.

இப்போது பக்கத்து மேசைக்காரர். உங்கள் கடிதத்தில் கோபம் இருப்பது இங்கேதான், அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் ஒன்றைப் பாருங்கள். 2016 சம்பளத் திட்டத்தில் உங்கள் சேவையின் தொடக்கத் தரத்துக்கு வருடாந்த ஏற்றம் 445 ரூபா. 2025 வரவுசெலவுத் திட்டம் சம்பள ஏற்றங்களை 80 சதவீதத்தால் கூட்டியது. கூட்டிய பிறகும் அது ஆயிரம் ரூபாவுக்குள்தான். அந்தத் தொகைக்காக நீங்கள் எனக்குக் கடிதம் எழுதியிருக்க மாட்டீர்கள். நீங்கள் செய்வதை ஒருவரும் பார்க்கவில்லை, அவர் செய்யாததையும் ஒருவரும் பார்க்கவில்லை. உறுத்துவது அது.

பார்க்க வேண்டும் என்று விதி ஏற்கனவே இருக்கிறது. அரச ஊழியர்களுக்கான விதிகளின் தொகுப்பான நம்முடைய தாபன விதிக்கோவையின்படி சம்பள ஏற்றம் தானாக வரும் உரிமையே கிடையாது. வருடம் முழுக்கத் திறமையாகவும் கவனமாகவும் கடமை செய்து அதைச் சம்பாதிக்க வேண்டும். செய்யாதவருக்கு ஏற்றத்தைப் பிற்போடவோ நிறுத்தவோ வழி இருக்கிறது. ஈ.பி. பரீட்சை என்று நாம் சொல்லும், சேவையில் குறித்த காலத்துக்குள் சித்தியடைய வேண்டிய வினைத்திறன்காண் தடைதாண்டலும் இதற்காக வந்ததுதான். திறமையாகச் செய்பவர் சீக்கிரம் மேலே போக, சேவைப் பிரமாணக் குறிப்புகளில் அதிவிசேட செயலாற்றுகை என்ற பதவி உயர்வு முறையும் இருக்கிறது. அப்படியிருந்தும் வருடாந்த மதிப்பீட்டுப் படிவங்களை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் எல்லோருக்கும் ஒரே புள்ளிகள். பகையைத் தேடிக்கொள்ள எந்த மேலதிகாரிக்கும் மனமில்லை. சிலருக்குப் பின்னால் அரசியல்வாதி இருக்கிறார். சில இடங்களில் கீழே இருப்பவர் என்ன வேலை செய்கிறார் என்பதே மேலே இருப்பவருக்குத் தெரியாது.

சில நூறு ரூபா ஏற்றத்தைப் பற்றியே உண்மையை எழுதத் தயங்கும் கை, ஐயாயிரம் பத்தாயிரம் என்று வந்தால் துணிந்து எழுதுமா? என் அனுபவத்தில் எழுதாது. இன்னும் அதிகமாக வளையும். இங்கேதான் தராசு யார் கையில் என்ற கேள்வி மலையகத்தில் கூடுதல் கனமாகிறது. தமிழில் நீங்கள் செய்யும் வேலையின் தரத்தை, தமிழ் தெரியாத ஒருவர் எதை வைத்து மதிப்பிடுவார்? 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரசாங்க நிர்வாகச் சுற்றறிக்கை, அந்த வருடம் ஜூலைக்குப் பிறகு சேர்ந்த உத்தியோகத்தர்கள் ஐந்து வருடங்களுக்குள் மற்ற அரசகரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்றது. சான்றிதழ்கள் வந்தன. ஆனால் மேசைக்கு முன்னால் நிற்பவரோடு பேசும் வேலை இன்னமும் உங்களுக்குத்தானே வருகிறது. அலுவலகம் முழுவதற்குமான மொழிபெயர்ப்பாளராகவும் இருக்கிறீர்கள். அது எந்தப் படிவத்திலும் ஒரு வரியாக இருக்காது.

பக்கத்து மேசைக்காரரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபிக்காதீர்கள். அவருக்கு எழுத்தில் கொடுத்த கடமைப் பட்டியல் இருக்கிறதா? 2020இல் மட்டும் பல்லாயிரம் பட்டதாரிகளை அரச சேவைக்கு எடுத்தார்கள். ஆளை அனுப்பிய வேகத்தில் வேலையை வகுத்துக் கொடுக்கவில்லை. நாற்காலியும் இல்லாமல், பொறுப்பும் இல்லாமல் இருந்தவர்களை நான் நேரில் கண்டிருக்கிறேன். அவர்களில் சிலர் அந்தச் சும்மா இருப்பதாலேயே மனம் உடைந்து போனவர்கள். அவர் உண்மையிலேயே சோம்பேறியாகவும் இருக்கலாம். ஆனால் வேலையே ஒதுக்காத ஒருவருடைய செயலாற்றுகையை எந்த முறையாலும் அளக்க முடியாது.

இவ்வளவும் சொன்னதால், இருப்பது இருக்கட்டும் என்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 2024 ஜனவரியிலிருந்து வற் வரி 18 சதவீதம். உங்கள் அம்மா கடையில் வாங்கும் சவர்க்காரத்திலும் நம்முடைய சம்பளத்தின் ஒரு துளி இருக்கிறது. அந்தக் காசுக்குத் தனக்கு என்ன சேவை கிடைக்கிறது என்று கேட்க அவருக்கு முழு உரிமை உண்டு. "அரச வேலையை அளக்கவே முடியாது" என்று சங்கங்கள் சொல்லிக்கொண்டிருந்தால் மக்கள் நம்மை நம்ப மாட்டார்கள். நம்பவும் கூடாது.

என் கருத்து இது. அடிப்படைச் சம்பளத்தில் யாரும் கை வைக்கக் கூடாது. 2025இல் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவுக்குக் கட்டங்கட்டமாக உயர்த்த முடிவானது விலைவாசிக்காக. அது வாழ்வதற்கான காசு, பந்தயத்தில் வைக்கும் காசு இல்லை. தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரிய உதவியாளர்களை எடுத்தபோது மாதம் 6,000 ரூபா, பிறகு 10,000 ரூபா என்று கொடுத்தார்கள். பஸ் காசுக்கே போதாத அந்தக் கொடுப்பனவில் இருந்தவர்களிடம் போய்ச் செயலாற்றுகை பற்றிப் பேச யாருக்காவது வாய் வருமா? அடித்தளம் சரியான பிறகுதான் மேலே எதையும் வைக்கலாம்.

மேலே வைப்பது தனி ஆளுக்கு என்று இல்லாமல் ஒரு பிரிவுக்கோ முழு அலுவலகத்துக்கோ இருக்க வேண்டும். ஆந்திர ஆய்வில் காலப்போக்கில் தனி ஆளுக்குக் கொடுத்ததுதான் கூடுதல் பலன் தந்தது என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் வகுப்பறையில் ஓர் ஆசிரியர் தனியாக நிற்கிறார். பிரதேச செயலகத்தில் ஒரு கோப்பு நாலைந்து மேசைகளைத் தாண்டுகிறது. கடைசிக் கையெழுத்து வைத்தவருக்குக் காசு என்றால் முதல் மேசையில் கோப்பு தூங்கும். ஒவ்வொரு அலுவலகத்தையும் அதன் போன வருடத்தோடு ஒப்பிட வேண்டும். அம்பகமுவவை ஹங்குரான்கெத்தவோடு நிறுத்துப் பார்க்கக் கூடாது. கஷ்டமான கோப்புக்குக் கூடுதல் பெறுமதி வேண்டும். திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேர், எத்தனை தடவை அலைந்தார்கள் என்பதையும் எண்ண வேண்டும். மக்களிடம் அவர்களுடைய மொழியில் கேட்க வேண்டும், கேட்பவர் அந்த அலுவலகத்தைச் சேராதவராக இருக்க வேண்டும். அனர்த்தம் நடந்த மாதங்களுக்குத் தனிக் கணக்கு.

எனவே கூட்டத்தில் ஆதரவு, எதிர்ப்பு என்று இரண்டில் ஒன்றுக்குக் கை தூக்க வேண்டாம். எதை எண்ணப் போகிறார்கள், அந்தப் பட்டியலைத் தயாரிப்பதில் மலையகத்தில் வேலை செய்பவர் ஒருவராவது இருப்பாரா, தவறாகப் புள்ளி போட்டால் யாரிடம் மேன்முறையீடு செய்வது, இரு மொழியிலும் செய்யும் வேலை எங்கே பதிவாகும் என்று கேளுங்கள். இவற்றுக்கு எழுத்தில் பதில் வந்தால் ஆதரியுங்கள். வராவிட்டால், வரும் வரை ஒத்திவைக்கும்படி பிரேரணை கொண்டுவாருங்கள். நீங்கள் எழுந்து பேசினால் உங்களைப் போல் இரண்டு மொழியிலும் சுமக்கும் மற்றவர்களுக்கும் வாய் திறக்கும்.

கூட்டம் அடுத்த மாதம்தானே. அதற்குள் ஒரு கொப்பி வாங்குங்கள். யார் வந்தார், எதற்காக, எவ்வளவு நேரம் போனது, யாருக்காக மொழிபெயர்த்தீர்கள், முடிந்ததா, முடியாவிட்டால் ஏன் என்று தினமும் எழுதுங்கள். வந்தவர்களின் பெயர் வேண்டாம், தோட்டமும் விடயமும் போதும். இரண்டு கிழமைக்குப் பிறகு அதை எடுத்துக்கொண்டு பிரதேச செயலாளரிடம் நேரம் கேட்டுப் போய், உங்கள் கடமைப் பட்டியலைப் புதுப்பித்து மொழிபெயர்ப்பு வேலையை அதில் ஒரு வரியாகச் சேர்க்கும்படி எழுத்தில் கேளுங்கள். அதே கடிதத்தில், உங்களிடம் குவியும் விடயங்களில் எவற்றைப் பக்கத்து மேசைக்குப் பிரித்துக் கொடுக்கலாம் என்றும் எழுதுங்கள். ஆளைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம், வேலையைப் பற்றி மட்டும். பிரதியொன்றைத் திகதியோடு உங்கள் கையில் வைத்திருங்கள். இந்த வருட மதிப்பீட்டுப் படிவத்தை நிரப்பும்போது அது தேவைப்படும்.